கரண்ட் பில் தகராறு: ஃபோரமா, கன்ஸ்யூமர் கோர்ட்டா?

மும்பை செம்பூர் பக்கம் கரண்ட் பில் எகிறிவிட்டால் நம் ஆட்கள் உடனே சொல்வது, "கன்ஸ்யூமர் கோர்ட்டுல போடுங்க சார்!" எங்கள் பில்லில் திடீரென்று பழைய பாக்கி ஏறியபோது நான் போனது மின் நுகர்வோர் குறைதீர் ஃபோரத்துக்கு. ஆகவே என் கட்சி எதுவென்று ஒளிக்கப்போவதில்லை.

கட்டணம் நிர்ணயிக்கும் மகாராஷ்டிர மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்கே நேராக எழுதலாமே என்பார்கள். தனி ஆளின் பில் சண்டை அங்கே போகாது. 2007-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. ஆணையம் விதி போடும், ஃபோரம் அதை வைத்துத் தீர்க்கும்.

இரண்டு இடத்திலும் வக்கீல் கட்டாயமில்லை. செலவும் பெரிதில்லை. எனக்கு முக்கியமாகப் பட்டது, வழக்கு எங்கே போய் நிற்கும் என்பதுதான். ஃபோரத்தில் தோற்றால் நாம் மின்சார ஆம்பட்ஸ்மன் என்ற மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். மின் கம்பெனிக்கு அந்தக் கதவு கிடையாது, ஹைகோர்ட்டில் ரிட் மனு போட வேண்டியதுதான். கன்ஸ்யூமர் கோர்ட்டில் மாவட்ட அளவில் நாம் ஜெயித்தாலும் கம்பெனிக்காரர்கள் மாநில நுகர்வோர் ஆணையத்துக்கு அப்பீல் போவார்கள். அவர்களுக்குச் சம்பள வக்கீல், நமக்கு லீவு நஷ்டம்.

இன்னொன்று, ஃபோரத்தில் இருப்பவர்களுக்குப் பில் படிக்கத் தெரியும். முதலில் கேட்டதே சி.பி.எல்.தான்: மாதவாரியாக ரீடிங், யூனிட், கட்டிய தொகை வரும் தாள். ரீடிங் எடுக்காமல் மாதக்கணக்கில் ஒரே சராசரி யூனிட் போட்டிருந்தது அதில் பளிச்சென்று தெரிந்தது. கம்பெனி அமைக்கும் ஃபோரம்தானே என்று சந்தேகம் வரும். ஆனால் அது ஆணையத்தின் விதிப்படி நடப்பது, நுகர்வோர் தரப்பு உறுப்பினரும் உண்டு.

கன்ஸ்யூமர் கோர்ட்டில் நான் நின்றதில்லை. மன உளைச்சலுக்கும் நஷ்டஈடு வேண்டுமென்றால் அதுதான் இடம். ஃபோரத்தில் அதை எதிர்பார்க்காதீர்கள். மின் திருட்டுப் புகார், அனுமதியில்லாத பயன்பாட்டுக்கு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு நோட்டீஸ் என்றால் இரண்டுமே உதவாது.

எங்கே போனாலும் சப்ளையைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். அதே சட்டத்தின் 56-ஆம் பிரிவுப்படி, எழுத்தில் 15 நாள் நோட்டீஸ் தராமல் வெட்டக்கூடாது. கேட்ட தொகை, முந்தைய ஆறு மாத சராசரிக் கணக்கு, இரண்டில் எது குறைவோ அதை ஆட்சேபத்துடன் கட்டினால் வெட்டவே முடியாது. 'ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்' என்று எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். இரண்டு இடத்திலும் ஒரே சமயத்தில் போடாதீர்கள். கோர்ட்டில் நிலுவையில் இருக்கும் விஷயத்தை ஃபோரம் எடுக்காது.