யோகா ஆசிரியர் ஆக எது வழி: ஒரு மாத ரிஷிகேஷா, இரண்டு வருட மாடி வகுப்பா?

போன வாரம் வகுப்பு முடிந்து எல்லோரும் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் தயங்கித் தயங்கி என் பக்கத்தில் வந்து நின்றாள். வயது இருபத்தாறு, கம்ப்யூட்டர் வேலை. எட்டு மாதமாக என்னிடம் வருகிறாள். "அக்கா, நானும் யோகா டீச்சர் ஆகலாம்னு இருக்கேன். ரிஷிகேஷ்ல ஒரு மாசக் கோர்ஸ் இருக்காம். லீவு கிடைச்சிடும். போகட்டுமா?"

சட்டென்று பதில் வரவில்லை. 2017இல் இதே கேள்வியோடு நானே அலைந்திருக்கிறேன். நானும் என் சித்தி மகளும் ஒரே சமயத்தில் இதற்குள் இறங்கினோம். அவள் ரிஷிகேஷுக்கு ரயில் ஏறினாள். நான் மயிலாப்பூர் பக்கம் ஒரு வீட்டு மாடிப்படி ஏறினேன். எது எங்கே கொண்டுபோய் விட்டது என்று இப்போது கொஞ்சம் தெரிகிறது.

யோகாவைத் தேடிக்கொண்டு வருகிறவர்கள் குறைவு. பெரும்பாலும் ஏதாவது ஒரு வலிதான் கையைப் பிடித்துக் கூட்டி வருகிறது. எனக்கு இடுப்பு வலி. வங்கி கவுன்ட்டரில் பதினோரு வருடம் உட்கார்ந்ததன் பலன். தெருக்கோடியில் வேதாத்திரி மகரிஷியின் யோகா முறையைச் சொல்லித்தரும் மனவளக்கலை மன்றம் இருந்தது, போனேன். கைப்பயிற்சி, கால்பயிற்சி, மூச்சுப்பயிற்சி என்று வரிசையாகச் சொல்லிக்கொடுத்த அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். மூன்றாவது மாதம் வலி குறைந்தது. ஆறாவது மாதம், இதை நாமும் நாலு பேருக்குச் சொல்லிக்கொடுத்தால் என்ன என்று தோன்றியது.

வீட்டிலேயே யோகா இருந்தவர்களுக்கும் இப்படி ஏதாவது ஒன்று தேவைப்பட்டிருக்கிறது. யோகா ஆசான் கிருஷ்ணமாச்சாரியாரின் மகன் தேசிகாச்சார் இன்ஜினியரிங் படித்தவர். அப்பா அவ்வளவு பெரிய ஆசான், பிள்ளைக்கு அதில் நாட்டம் இல்லை. 1960களின் தொடக்கத்தில் ஒரு நாள், வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர் வந்து அப்பாவைக் கட்டிப்பிடித்து நன்றி சொன்னதைப் பார்த்தாராம். தூக்கமில்லாமல் தவித்துக்கொண்டிருந்தவர், அப்பாவிடம் பயிற்சிக்கு வந்து, முதல்நாள் இரவு மாத்திரை போடாமல் தூங்கியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் தேசிகாச்சார் தந்தையிடம் பாடம் கேட்க உட்கார்ந்தார். 1976இல் சென்னையில் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தையும் தொடங்கினார்.

சரி, கற்றுத்தர வேண்டும் என்று தோன்றிவிட்டது. அடுத்து என்ன?

மன்றத்திலேயே தொடர்ந்து போவது ஒரு வழி. அகத்தாய்வு, பிரம்மஞானம் என்று படிப்படியாகப் போய் அருள்நிதிப் பயிற்சி முடித்தால் மன்றத்தில் சொல்லிக்கொடுக்கலாம். வேதாத்திரி மகரிஷி எளியவர்களையும் மனதில் வைத்து அமைத்த முறை. சொல்லிக்கொடுப்பதையும் அங்கே சேவையாகத்தான் பார்ப்பார்கள். எனக்குக் கதவைத் திறந்துவிட்ட இடம் என்பதால் அதன் மேல் தனிப் பாசம் உண்டு. ஆனால் நான் அருள்நிதிவரை போகவில்லை, அதனால் அந்தப் பயிற்சியை எடைபோட எனக்குத் தகுதி இல்லை.

பல்கலைக்கழகப் பட்டயமும் பட்டமும் இன்னொரு வழி. மேலக்கோட்டையூரில் உள்ள விளையாட்டுப் பல்கலைக்கழகத்திலேயே யோகா படிக்கலாம். பள்ளிக்கூடத்திலோ கல்லூரியிலோ வேலை வேண்டுமானால் பட்டம் கையில் இருப்பது நல்லது. ஆயுஷ் அமைச்சகத்தின் யோகா சான்றிதழ் வாரியம் நடத்தும் தேர்வையும் எழுதி வைத்துக்கொள்ளலாம். சொந்தமாக வகுப்பு எடுக்க இவற்றில் எதுவும் கட்டாயமில்லை. நம் நாட்டில் யோகா கற்பிக்க உரிமம் என்று ஒன்று கிடையாது. அதனாலேயே எங்கே படிக்கிறோம் என்பதில் நாம்தான் கவனமாக இருக்க வேண்டும்.

மிச்சம் இருப்பது இந்த இரண்டும்தான்: ஒரு மாதம் தங்கிப் படிப்பது, ஒரு ஆசிரியரிடம் வருடக்கணக்கில் போய்வருவது.

தங்கிப் படிப்பதை இளக்காரமாக நினைக்க வேண்டாம். நம் பத்தமடையில் பிறந்து, மலேயாவில் டாக்டராக இருந்து, ரிஷிகேஷுக்குப் போய்ச் சேர்ந்தவர் சிவானந்தர். அவருடைய சீடர் விஷ்ணுதேவானந்தர் 1969இல் நான்கு வார ஆசிரியர் பயிற்சியைத் தொடங்கினார். இன்றைக்கும் நெய்யாறு அணையிலும் மதுரைப் பக்கத்திலும் இருக்கும் அவர்கள் ஆசிரமங்களில் அது நடக்கிறது. விடியலில் சத்சங்கம், நாளுக்கு இரண்டு ஆசன வகுப்பு, இரண்டே வேளை சாப்பாடு. ஒரு மாதம் அப்படி வாழ்ந்தாலே மனிதர் மாறித்தான் போவார். பின்னால் 1999இல் அமெரிக்காவில் யோகா அலையன்ஸ் என்ற அமைப்பு வந்து, 200 மணி நேரம் என்று ஒரு அளவு வைத்தது. தினம் எட்டு மணி நேரம், வாரம் ஆறு நாள் என்றால் ஒரு மாதத்தில் 200 மணி நேரம் ஏறக்குறைய கணக்காகிவிடும். ரிஷிகேஷின் லக்ஷ்மண் ஜூலா பக்கம் தெருவுக்குத் தெரு '200 மணி நேரம்' என்று பலகை தொங்குவது இதனால்தான்.

என் சித்தி மகள் தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து 95,000 ரூபாய் கட்டினாள். திரும்பி வந்த இரண்டாவது மாதமே மூன்று பேட்ச் எடுக்க ஆரம்பித்துவிட்டாள். நான் மாதம் 3,000 வீதம் இரண்டு வருடத்தில் 72,000 கட்டினேன். தனியாக ஒரு வகுப்பு எடுக்க எனக்கு இரண்டரை வருடம் ஆனது. வங்கி வேலையை விடாமலே படித்தேன் என்பது எனக்கு லாபம். மற்றபடி வேகத்தில் அவள் பக்கம்தான் தராசு சாயும். வெளிநாட்டிலோ ரிசார்ட்டிலோ வேலை தேடுகிறவர்களிடம் அந்த 200 மணி நேரச் சான்றிதழைத்தான் கேட்கிறார்கள். என் ஆசிரியர் கொடுத்த கடிதத்தைக் காட்டினால் யாருக்கும் புரியாது.

இருந்தும் நான் மாடிப்படிப் பக்கம்தான் நிற்கிறேன். காரணம் ஒன்றுதான். யாருடைய உடம்பை வைத்துக் கற்றுக்கொள்கிறோம், தப்பு நடந்தால் யாரிடம் போய்க் கேட்கிறோம் என்பது.

சித்தி மகளின் வகுப்பில் முப்பத்திரண்டு பேர். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துதான் கற்பித்தல் பயிற்சி. எல்லோருக்கும் இருபது, முப்பது வயது. குனி என்றால் குனிவார்கள், வளை என்றால் வளைவார்கள். அவர்களை வைத்துப் பழகிவிட்டு ஊருக்கு வந்தால், முதல் வகுப்பில் வந்து உட்கார்ந்தது மூட்டு வலிக்காரரும் சர்க்கரைக்காரரும் பிரசவம் முடிந்து நான்கு மாதமான பெண்ணும்.

என் கதை வேறு மாதிரி. என் ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் வழியில் வந்தவர். நாங்கள் 'சார்' என்போம். சனி, ஞாயிறு மூன்று மூன்று மணி நேரம். ஐந்தே பேர். ஆறாவது மாதம் சார் எனக்கு ஒரு மாணவியைக் கொடுத்தார். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது 61, தோள்பட்டை இறுகிப்போயிருந்தது, ரத்த அழுத்தமும் உண்டு. அவருக்கு என்ன பயிற்சி, என்ன வரிசை, எத்தனை மூச்சு என்று நோட்டில் குச்சி மனிதர்களாக வரைந்து சாரிடம் காட்ட வேண்டும். நான்காவது படமாக பஸ்சிமோத்தானாசனம் போட்டிருந்தேன். காலை நீட்டி உட்கார்ந்து குனிவது. சார் சிவப்புப் பேனாவை எடுத்து நீட்டிய காலை அடித்துவிட்டு, முட்டியை மடக்கி வரைந்தார். "அவங்க முதுகு குனியணுமா, தொடை இழுபடணுமா? எது வேணும்னு முதல்ல முடிவு பண்ணு" என்றார்.

அப்புறம் அந்த அம்மா வந்தார். மூச்சை இழுத்துக்கொண்டே கையைத் தூக்கச் சொன்னேன். நான் அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தேன், எவ்வளவு உயரம் போகிறது என்று. பின்னால் நாற்காலியில் இருந்த சார் மெல்லச் சொன்னார்: "கையைப் பார்க்காதம்மா. தொண்டையைப் பாரு. மூச்சு முடிஞ்சிடுச்சு, கை இன்னும் போய்க்கிட்டு இருக்கு." அப்போதுதான் பார்த்தேன். கழுத்து நரம்பு புடைத்து, உதட்டை இறுக்கிக்கொண்டு, எனக்காகக் கையைத் தூக்கிக்கொண்டிருந்தார். மூச்சு முடியும் இடத்தில் கை நிற்க வேண்டும், மூச்சு நீள நீளக் கை தானாக உயரும் என்று நான் அதற்கு முன் பத்து முறையாவது எழுதியிருப்பேன். பார்த்தது அன்றுதான். பதினெட்டு மாதம் அவர் எனக்கு மாணவியாக இருந்தார். நியாயமாகச் சொன்னால் நான்தான் அவரிடம் படித்தேன்.

கிருஷ்ணமாச்சாரியாரே அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார். 1930களில் மைசூர் அரண்மனையில் பையன்களுக்கு வேகமான, கடினமான ஆசனங்கள். பின்னால் சென்னைக்கு வந்து, உடம்பு முடியாமல் வந்தவர்களுக்குத் தனித்தனியாக, அவரவர் மூச்சுக்குத் தகுந்த மாதிரி. மைசூரில் அவரிடம் படித்த பட்டாபி ஜோய்ஸின் முறையையும், சென்னையில் படித்த தேசிகாச்சாரின் முறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே ஆசானிடம் வந்தவை என்று நம்புவது கஷ்டம். எதிரில் இருக்கும் ஆளுக்குத் தகுந்தபடி பாடம் மாறியிருக்கிறது.

இரண்டாவது விஷயம், பயிற்சி முடிந்த பிறகு நடப்பது. இதை யாரும் சேரும்போது கேட்பதில்லை, நானும் கேட்கவில்லை. சித்தி மகள் வகுப்பில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் இருந்தார். சேரும்போது நிரப்பிய படிவத்தில் பிபி இல்லை, சர்க்கரை இல்லை, ஆபரேஷன் இல்லை. மூன்றாவது மாதம், தோளில் நின்று காலை மேலே தூக்கும் சர்வாங்காசனம் போட வைத்திருக்கிறாள். இறங்கியதும், "கண்ணுக்குப் பின்னால இடிக்கிற மாதிரி இருக்கும்மா" என்றிருக்கிறார். அவள் தன்னுடைய ஆசிரியர்களுக்குச் செய்தி அனுப்பினாள். அவர்கள் அதற்குள் அடுத்தடுத்த பேட்ச்களில் மூழ்கியிருந்தார்கள். உடன் படித்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் வேலை அறிவிப்புகள்தான் வந்துகொண்டிருந்தன. ராத்திரி ஒன்பது மணிக்கு எனக்குப் போன் செய்தாள். எனக்கும் தெரியவில்லை. நான் சாருக்குப் போட்டேன். எடுத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "கண்ணுக்குச் சொட்டு மருந்து எதுவும் போடறாரான்னு கேளு."

போடுகிறார். கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய். யோகாவுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்து வாத்தியார் அதைச் சொல்லவே இல்லை. தலைகீழாக நிற்கும் ஆசனங்களில் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும், அந்த நோய் உள்ளவர்கள் அவற்றைச் செய்யக் கூடாது. மறுநாளே கண் டாக்டரிடம் போகச் சொன்னோம். நல்லவேளை, பாதிப்பு இல்லை.

அவள் பாடப் புத்தகத்திலும் அது இருந்தது. சர்வாங்காசனம் யாருக்குக் கூடாது என்ற பட்டியலில் கிளாக்கோமாவும் உண்டு, தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறாள். அந்தப் பெயர் தெரிந்தவருக்கும், "சொட்டு மருந்து போடுகிறீர்களா" என்று கேட்கத் தெரிந்தவருக்கும் நடுவில் சாரின் நாற்பது வருடம் இருக்கிறது. அந்த நாற்பது வருடத்தை ஒரு போன் தூரத்தில் வைத்திருப்பதற்குத்தான் நான் இரண்டு வருடம் கொடுத்தேன் என்று அன்று ராத்திரி நினைத்துக்கொண்டேன். எங்கள் இரண்டு பேர் படிவத்திலும் இப்போது அந்தக் கேள்வி இருக்கிறது.

மாடி வகுப்பிலும் ஆபத்து உண்டு. ஒரே ஆசிரியர் என்றால் அவர் தப்பு நம் தப்பாகிவிடும். எனக்கு வாய்த்தவர் நல்லவர். வாய்க்காமல் போய், வருடங்களையும் பணத்தையும் விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். பத்து வருடம் நல்ல ஆசிரியரிடம் பயிற்சி செய்தவர் ரிஷிகேஷுக்குப் போனால் ஒரு மாதமே போதும் என்றும் நினைக்கிறேன். அவருக்கு ஏற்கெனவே கேட்க ஒரு ஆள் இருக்கிறார். சித்தி மகளும் இப்போது மாதம் ஒரு ஞாயிறு சாரிடம் வருகிறாள். ரிஷிகேஷ் போனதற்காக அவள் வருத்தப்படவில்லை. கங்கைக் கரையில் உட்கார்ந்து செய்த பிராணாயாமம் இன்றும் தன்னைத் தாங்குகிறது என்கிறாள். நான் அங்கே படித்ததில்லை, அதனால் அதை மறுத்துப் பேச மாட்டேன்.

அந்தப் பெண்ணிடம், டிக்கெட் எடுப்பதைக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்லியிருக்கிறேன். ஞாயிறு காலை ஆறு மணிக்கு, முட்டி ஆபரேஷன் முடிந்து டாக்டர் அனுமதித்த பிறகு ஒருவர் என்னிடம் வருகிறார். கூடவே உட்கார்ந்து பார்க்கட்டும், அவருக்கு என்ன கொடுக்கலாம் என்று வரைந்து காட்டட்டும். ஒரு புது நோட்டும் சிவப்புப் பேனாவும் வாங்கி வைத்திருக்கிறேன்.