25 டாலர் டக் ஸ்டாம்ப் வாங்கலாமா?

நியூ ஜெர்சியில் இருக்கிறீர்கள், பறவை பார்க்க அடிக்கடி போவீர்கள் என்றால் யோசிக்காமல் வாங்குங்கள். பெயர்தான் ஸ்டாம்ப், கடிதத்தில் ஒட்டினால் செல்லாது. வாத்து வேட்டைக்குப் போகிற 16 வயது நிரம்பியவர்கள் இதைக் கட்டாயம் கையில் வைத்திருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1934-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். அப்போது விலை ஒரு டாலர். முதல் ஸ்டாம்பின் படத்தை வரைந்த டிங் டார்லிங் பத்திரிகை கார்ட்டூனிஸ்ட், அந்த நேரத்தில் வனவிலங்குகளைக் கவனித்த அரசுத் துறைக்கே தலைவரும் அவர்தான்! துப்பாக்கியைத் தொடாத நமக்கு என்ன லாபம் என்றால், நுழைவுக் கட்டணம் வாங்கும் எந்தத் தேசிய வனவிலங்குப் புகலிடத்திலும் இதைக் காட்டி இலவசமாகப் போகலாம். ஜூலை முதல் மறு ஜூன் வரை செல்லும்.

நான் போவது அட்லாண்டிக் சிட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எட்வின் பி. ஃபோர்சைத் புகலிடத்துக்கு. 8 மைல் ஒருவழிப் பாதை, காரை விட்டு இறங்காமலே ஒரு பக்கம் உப்பங்கழியும் இன்னொரு பக்கம் கரை கட்டித் தேக்கிய குளங்களும் பார்த்துக்கொண்டே போகலாம், தூரத்தில் கேசினோ கட்டடங்கள் வேறு. நவம்பரில் ஸ்னோ கூஸ் என்கிற வெள்ளை வாத்துக் கூட்டம், கோடையில் மீன் பிடிக்கும் கழுகான விரால் அடிப்பான் (ஆஸ்ப்ரே). ஜூலையில் மட்டும் கார் கண்ணாடியை இறக்காதீர்கள், கிரீன்ஹெட் ஈ பிடுங்கி எடுத்துவிடும்.

புளியோதரை கட்டிக்கொண்டு போய்ப் பந்து விளையாட இடம் தேடுகிறவர்களுக்கு இது சரிப்படாது. புகலிடங்களுக்கான 1997 சட்டப்படி இங்கே விலங்குகளுக்குத்தான் முதலிடம். எந்தப் பொழுதுபோக்கையும் அனுமதிக்கும் முன் அது புகலிடத்தின் நோக்கத்தைக் கெடுக்காது என்று மேலாளர் எழுத்தில் முடிவு செய்தாக வேண்டும். அப்போதும் முன்னுரிமை ஆறுக்கு மட்டும்தான்: வேட்டை, மீன்பிடிப்பு, விலங்குகளையும் பறவைகளையும் பார்ப்பது, படமெடுப்பது, சூழல் கல்வி, இயற்கை விளக்க நிகழ்ச்சிகள். புகலிடம் என்று பெயர் வைத்துவிட்டு வேட்டையா என்று எனக்கும் உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் ஸ்டாம்ப் வசூலில் டாலருக்கு 98 சென்ட் நிலம் வாங்கவும் குத்தகைக்கு எடுக்கவும் போகிறது, இதுவரை 60 லட்சம் ஏக்கருக்கு மேல் சேர்ந்திருக்கிறது, அதில் பெரும் பங்கு வேட்டைக்காரர்கள் காசு. பைனாகுலரும் விலை உயர்ந்த லென்ஸும் மாட்டிக்கொண்டு திரிகிற நம் கோஷ்டிக்குச் சட்டம் எதையும் கட்டாயமாக்கவில்லை, அதனால் நாம் கொடுப்பதும் இல்லை.

கணக்குப் பார்த்தால், வாசலில் காருக்கு வாங்குவது சில டாலர்தான். வருடத்துக்கு ஒருமுறை போகிறவர்களுக்கு ஸ்டாம்ப் கட்டுப்படியாகாது, அங்கேயே கட்டிவிட்டுப் போங்கள். அடிக்கடி போகிறவர்கள் தபால் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள், எல்லாக் கிளையிலும் இருக்காது. வேட்டை சீசனில் போவதாக இருந்தால் எந்தப் பகுதி மூடியிருக்கிறது என்றும் முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.