என்-ரோட்ஸ் க்ளைமேட் சிமுலேட்டர்: தனியா ஆடாதீங்க, ஆறு டீமா ஆடுங்க

என்-ரோட்ஸ்னு ஒரு ஃப்ரீ டூல் இருக்குங்க, க்ளைமேட் இன்டராக்டிவ்ங்கற அமைப்பும் அமெரிக்காவுல எம்ஐடி யுனிவர்சிட்டியோட ஸ்லோன் மேனேஜ்மென்ட் காலேஜ் ஆளுங்களும் சேர்ந்து பண்ணது. எதையும் டவுன்லோட் பண்ண வேண்டாம், ப்ரவுசர்லயே ஓடும். நிலக்கரி, எண்ணெய், இயற்கை காஸ், சோலார், காத்தாலை, அணு மின்சாரம், காடழிப்பு, மீத்தேன், கார்பன் வரி (விடற கார்பன் புகைக்கு ஏத்த மாதிரி போடற வரி)னு வரிசையா ஸ்லைடர் இருக்கும், ஓரத்துல பெருசா ஒரு நம்பர், தொழிற்புரட்சிக்கு முன்ன இருந்தத விட 2100ல பூமி எவ்ளோ சூடாகியிருக்கும்னு. நான் பாத்தப்ப எதையும் தொடாம விட்டா 3.3 டிகிரி காட்டுச்சு. 2015ல பாரிஸ்ல நாடுகள் ஒத்துக்கிட்டது 2 டிகிரிக்கு நல்லா கீழ, முடிஞ்சா 1.5. நடுவுல இருக்கற அந்த இடைவெளிய நாம மூடணும்.

முதல்ல ரெண்டு நாள் ராத்திரி தனியா உக்காந்து நோண்டினேன். மரம் நடறத கடைசி வரைக்கும் தள்ளினேன், நம்பர் கொஞ்சூண்டு தான் அசைஞ்சுச்சு. உண்மையிலேயே மனசு கஷ்டமா போச்சு, ஏன்னா நான் வருஷக்கணக்கா நம்பிட்டு இருந்தது அதத்தான். அப்புறம் யோசிச்சா புரியுது, கன்னு வளர்ந்து கார்பன இழுக்க பல வருஷம் ஆகும், நிலமும் அளவோட தான் இருக்கு, அதுக்குள்ள நாம விடற புகை அது பாட்டுக்கு போயிட்டே இருக்கும். நிலக்கரிக்கு மட்டும் வரி போட்டு பாத்தேன், அந்த இடத்துல காஸ் வந்து உக்காந்துக்குது. ஒரு பக்கம் அமுக்கினா இன்னொரு பக்கம் புடைக்குது. இந்த மாதிரி ஒண்ணோட ஒண்ணு எப்படி பின்னியிருக்குனு ஒரு செகண்ட்ல கண்ணுக்கு காட்டுது பாருங்க, அதுக்கே இந்த டூல கும்பிடலாம்.

ஆனா இதோட உண்மையான பலம் குரூப்பா ஆடறப்ப தான் தெரிஞ்சுது. க்ளைமேட் ஆக்‌ஷன் சிமுலேஷன்னு அவங்களே ஒரு விளையாட்டு வெச்சிருக்காங்க, ஐநா கூட்டின அவசர மாநாடு மாதிரி. உலக அரசுகள், நிலக்கரி எண்ணெய் கம்பெனிங்க, சுத்த எரிசக்தி ஆளுங்க, தொழில் வணிகம், நிலம் விவசாயம் காடு, அப்புறம் காலநிலை நீதிக்காக, அதாவது இந்த சுமை ஏழைங்க தலையில விழக்கூடாதுனு போராடறவங்கனு ஆறு டீம். நான் கலந்துக்கிட்ட கூட்டத்துல காலேஜ் பசங்க, பேங்க்ல வேலை பாக்கற ஒரு அக்கா, விவசாயம் பண்ற ஒரு அண்ணன், ரெண்டு மூணு இன்ஜினியர்னு கலவையா இருந்தாங்க. என்ன போட்டது நீதி டீம்ல. மத்தவங்களுக்கு மேஜை நாற்காலி, எங்களுக்கு தரை. வேணும்னே தான் அப்படி வைப்பாங்களாம். ஆனாலும் கீழ உக்காந்து அண்ணாந்து பாத்து பேசறப்ப குரலே கொஞ்சம் மாறிடுது, அத அனுபவிச்சா தான் தெரியும்.

முதல் ரவுண்டுல ஒவ்வொரு டீமும் அடுத்தவன் எத விடணும்னு தான் சொன்னாங்க. நம்பர் 2.7ல நின்னுச்சு. ரெண்டாவது ரவுண்டுல அரசு டீம் கார்பன் வரிய ஏத்தினாங்க, நிலக்கரி எண்ணெய் காஸ் மூணையும் ஒரே நேரத்துல தொடறதால நம்பர் நல்லா இறங்குச்சு, கூடவே எரிசக்தி விலை கிராஃப் மேல ஏறுச்சு. அந்த பேங்க் அக்கா எங்க டீம் தான், எந்திரிச்சு "அந்த வரிப்பணத்த ஏழை வீட்டுக்கு திருப்பி கொடுப்பீங்களா, எழுதி கொடுங்க"னு கேட்டாங்க பாருங்க, ஹாலே அமைதி. இருபது நிமிஷம் அதுலயே போச்சு, அந்த இருபது நிமிஷம் தான் எனக்கு மொத்த நிகழ்ச்சியும். கடைசியா 1.9ல முடிச்சோம்.

குறைனு சொன்னா, அந்த அக்கா கேட்டதுக்கு டூல்ல பதில் இல்ல. இது உலகம் முழுசையும் ஒரே கணக்கா போடற மாடல், எந்த நாடு எவ்ளோ சுமக்குதுனு பிரிச்சு காட்டாது. நிஜத்துல சண்டையே அதுல தான? சின்ன தீவு நாடுகள் 1990லயே கூட்டணி அமைச்சு இத கேட்டுட்டு இருக்காங்க. காலநிலை மாற்றத்தால ஏழை நாடுகளுக்கு வர்ற இழப்புக்கும் சேதத்துக்கும் தனி நிதி வேணும்ங்கறது 2022ல எகிப்துல நடந்த ஐநா காலநிலை மாநாட்டுல தான் ஒத்துக்கிட்டாங்க. பசிபிக் தீவுகள்ல சட்டம் படிக்கற பசங்க 2019ல ஆரம்பிச்ச கோரிக்கைய அங்க இருக்கற வனுவாட்டுங்கற குட்டி தீவு நாடு கையில எடுத்து, அது சர்வதேச நீதிமன்றம் வரைக்கும் போய் 2025 ஜூலைல காலநிலைய காப்பாத்த நாடுகளுக்கு சட்டப்படி கடமை இருக்குனு அந்த நீதிமன்றத்தோட ஆலோசனை கருத்து வந்துச்சு. தரையில உக்காந்து ஆடினதுக்கு அப்புறம் இந்த செய்திய படிச்சப்ப எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

டூலுக்கு 5க்கு 4.5 கொடுப்பேன். எங்களுக்கு நடத்தின ஆளுங்களுக்கு 3 தான், ஆட்டத்த இழுத்து இழுத்து கடைசி கலந்துரையாடல பத்து நிமிஷத்துல முடிச்சுட்டாங்க, அழுதவங்க கோவப்பட்டவங்க எல்லாம் அப்படியே எந்திரிச்சு வீட்டுக்கு போனாங்க. நீங்க நடத்தினா அதுக்கு குறைஞ்சது நாப்பது நிமிஷம் ஒதுக்குங்க. இன்னொண்ணு, ஆளுங்கள அவங்க நம்பறதுக்கு நேர் எதிரான டீம்ல போடுங்க. அந்த விவசாயி அண்ணன் எண்ணெய் கம்பெனி டீம்ல உக்காந்து வேலை போற தொழிலாளிங்களுக்காக வாதாடினது இன்னும் காதுல இருக்கு. அடுத்த மாசம் எங்க ஆபீஸ்ல நடத்த கேட்டிருக்கேன், எண்ணெய் டீம்ல இந்த தடவ நான்.