ஒரு பக்கமா, இரு பக்கமா? டைவிங் வாட்ச் வளையங்கள் ஓர் ஒப்பீடு

முத்துக்குளித்துறைக் கரையில் குளிப்பது என்றால் முங்குவது. முங்குவதற்கென்றே செய்த டைவிங் வாட்சைத் திருநெல்வேலிச் சீமையில் பலரும் கட்டிக்கொண்டு போவது குற்றாலத்துக்குத்தான். கண்ணாடியைச் சுற்றியிருக்கும் பெசல் வளையத்தைச் சும்மா திருகிப் பார்ப்பதோடு சரி. வாங்கும்போது எந்த வளையம் என்று பார்ப்பவர்கள் குறைவு. விஷயமே அதில்தான் இருக்கிறது.

முதலில், ஒரு பக்கம் மட்டும் சுற்றும் 60 நிமிட வளையம். கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் மட்டுமே திரும்பும். வேலையைத் தொடங்கும்போது முக்கோணத்தை, அதாவது ஒளிரும் பொட்டு இருக்கும் இடத்தை, பெரிய முள்ளுக்கு நேராக வைக்க வேண்டும். பிறகு பெரிய முள் வளையத்தில் எந்த எண்ணைத் தொடுகிறதோ, அத்தனை நிமிடம் கழிந்திருக்கிறது. தாண்டிவிட்டால் பின்னால் திருப்ப முடியாது. முழுச் சுற்று மறுபடி வர வேண்டும். அதனால் கடைசி நாலைந்து க்ளிக்கை மெதுவாக வையுங்கள்.

இந்தப் பிடிவாதம் ஏன்? டயலில் 10-ஆம் நிமிடத்துக்கு நேரே முக்கோணம் வைத்து முங்கியவர், பெரிய முள் டயலின் 40-ஆம் நிமிடத்துக்கு வந்ததும் வளையத்தில் 30 நிமிடம் என்று படிப்பார். நடுவில் வளையம் பாறையில் இடித்து எதிர்த்திசையில் 5 நிமிடம் நகர்ந்திருந்தால் 35 என்று காட்டும். சீக்கிரம் மேலே வந்துவிடுவார், நஷ்டமில்லை. மறுதிசையில் நகர்ந்திருந்தால் 25 என்று காட்டும். காற்று தீரும் நேரத்தில் அடியிலேயே இருப்பார். தவறினாலும் உயிரின் பக்கம் தவறட்டும் என்ற கணக்கு இது. டைவிங் வாட்சுக்கான ஐஎஸ்ஓ 6425 தரமும் வளையம் தானாக நகராதபடி காப்பு கேட்கிறது.

ஒரு முழுச் சுற்றுக்கு 120 க்ளிக் என்றால் ஒவ்வொன்றும் அரை நிமிடம். 60 என்றால் ஒரு நிமிடம். நடைமுறையில் இதைவிட முக்கியம், வளையம் முன்னும் பின்னும் ஆடாமல் இருப்பது. ஆட்டம் இருந்தால் முக்கோணம் 12-க்கு நேராக நிற்காது. கடையிலேயே சோதித்துவிடுங்கள்.

இரு பக்கமும் சுற்றும் வளையம் கைக்குச் சுகம். ரஷ்ய வோஸ்தோக் அம்ஃபீபியா வாட்சில் க்ளிக்கே கிடையாது, உராய்வில்தான் நிற்கும். இட்லிச் சட்டிக்கு 12 நிமிடம் வைக்க இதைவிட வசதி இல்லை. கடலுக்கு, மேலே சொன்ன காரணத்தால், இரண்டாம் இடம்தான். பூட்டு வைத்த இருபக்க வளையம் மட்டும் விதிவிலக்கு.

கண்ணாடிக்கு உள்ளே இருக்கும் வளையத்தை டயலில் 2 மணிக்குப் பக்கத்தில் இருக்கும் சாவியால் (ஓரத்தில் திருகும் குமிழால்) திருப்புவார்கள். இடித்து நகராது, உப்பும் மணலும் ஏறாது. ஆனால் அந்தச் சாவி மரை போட்டு இறுகும் வகையாக இல்லையென்றால் நீருக்குள் தொடவே கூடாது. மரை இருந்தால் அதை நன்றாக இறுக்கிய பிறகே இறங்க வேண்டும். ஈரக் கையோடு அவசரத்தில் திருப்ப இது தோதில்லை.

இறங்குமுக எண்கள் கொண்ட வளையம் (50, 40, 30...) மீதி நேரத்தைச் சொல்லும். இதற்கென்று தனி வாட்ச் தேவையில்லை. சாதாரண வளையத்தில் முக்கோணத்தை முடிவு நேரத்தில் வைத்தால் போதும். இப்போது மணி 3.10, வேய்ந்தான்குளத்தில் பஸ் 3.45-க்கு என்றால் முக்கோணத்தை 45-இல் வையுங்கள். பெரிய முள் அதைத் தொட்டால் பஸ் போய்விட்டது.

1 முதல் 12 வரை மணி எண் போட்ட 12 மணி வளையம் வெளிநாட்டில் ஆள் இருக்கும் வீட்டுக்கு. நெல்லை, தென்காசிப் பக்கம் எத்தனை வீடுகள் துபாயையும் சிங்கப்பூரையும் பார்த்துக்கொண்டிருக்கின்றன! இங்கே ஒரு சிக்கல் உண்டு: நம் நேரம் அரை மணிக் கணக்கு. துபாய் ஒன்றரை மணி பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னால். 24 க்ளிக் கொண்ட 24 மணி வளையம் முழு மணியாகத்தான் தாவும். அரை மணி நிற்காது. 120 க்ளிக் கொண்ட 12 மணி வளையத்தில் ஒரு மணிக்கு 10 க்ளிக். எனவே சிங்கப்பூருக்கு, 12-ஐ மேலே வைத்துக்கொண்டு, எதிர்த்திசையில் 25 க்ளிக். துபாய்க்குக் கடிகாரத் திசையில் 15 (ஒருபக்கம் மட்டும் சுற்றும் வளையமென்றால் எதிர்த்திசையில் 105). பிறகு சின்ன முள் வளையத்தில் காட்டுவதுதான் அங்கத்து மணி.

60 நிமிட வளையமும் மணி எண்ணும். ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறும்போது முக்கோணத்தைச் சின்ன முள்ளுக்கு நேராக வையுங்கள். வளையத்தில் ஒவ்வொரு 5-ம் ஒரு மணி நேரம். பெரிய முள்ளை நம்பினால் ஒரு மணி தாண்டியதும் கணக்கு மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும்.

ஸ்கூபா முங்குபவருக்கு இன்று ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் டைவ் கம்ப்யூட்டர்தான் முதல், வளையம் துணை. மேலே வரும்போது 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்பதை அளக்க வளையத்தைத் திருப்பிவிடாதீர்கள். மொத்த நேரம் தொலைந்துவிடும். அப்போது வளையம் காட்டும் எண்ணோடு 3 கூட்டிக்கொண்டால் போதும்.

மணப்பாடு, திருச்செந்தூர் கடலில் இறங்கினால் வளையம் இறுகுவது சாதாரணம். அடியில் உப்பு பூத்து, மணலும் சேர்ந்து பல்லில் அடைத்துக்கொள்ளும். கட்டிங் பிளேயர் எடுக்க வேண்டாம். சாவி இறுக்கமா என்று பார்த்துவிட்டு, வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் 15 நிமிடம் ஊறவைத்து, மெல்லிய பல் பிரஷால் ஓரத்தைத் தேய்த்து, நீருக்குள்ளேயே வளையத்தைச் சுற்றுங்கள். துருநீக்கி ஸ்ப்ரே அடித்தால் உள்ளே நீர் புகாமல் காக்கும் ரப்பர் வாஷர் கெடலாம். குற்றால அருவித் தண்ணீர் இந்தத் தொல்லை தராது. ஆனால் அங்கே எண்ணெய் தேய்த்த கையால் வழவழப்பான வளையத்தைத் திருப்ப முடியாது. விளிம்பில் ஆழமான பல் வெட்டியதே உதவும்.

வாட்ச் ஒன்றுதான் என்றால் ஒருபக்கம் சுற்றும் 120 க்ளிக். சிங்கப்பூர் போன் தினமும் வருமென்றால் 12 மணி வளையம்.