மூன்று வருடமாக இஎஸ்பி32: அவுட்புட் பின்கள் பற்றி மட்டும்

இஎஸ்பி32 டெவலப்மென்ட் போர்டு, அதாவது நிரல் எழுதிக் கருவிகளை இயக்க உதவும் சிப் வைத்த சின்ன மின்பலகை, என் மேஜைக்கு வந்து மூன்று வருடம் ஆகிவிட்டது. இப்போது ஐந்து போர்டுகள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. வைஃபை, வேகம், மெமரி பற்றியெல்லாம் எனக்குக் குறை எதுவும் இல்லை, அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன். என் நேரத்தை அதிகம் தின்றவை அவுட்புட் பின்கள்தான், அதாவது நிரல் சொன்னபடி வோல்டேஜ் கொடுக்கும் கால்கள். நிரலில் ஹை (3.3 வோல்ட்; லோ என்றால் 0) என்று எழுதியிருப்பேன், பின்னில் வோல்டேஜ் வராது. அல்லது நான் எதுவுமே சொல்லாதபோது ரிலே (பின்னின் சொல்படி திறந்து மூடும் சுவிட்ச்) டக்கென்று அடிக்கும். ஒவ்வொரு முறையும் போர்டு போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். இதுவரை ஒன்றுகூடப் போகவில்லை. அந்த நேரத்தில் அந்தப் பின் என் நிரலின் கையில் இல்லை, அவ்வளவுதான்.

வரிசையாக நிற்கும்போது எல்லாப் பின்னும் ஒரே மாதிரி தெரியும். உள்ளே அப்படி இல்லை. 34 முதல் 39 வரை இன்புட் மட்டும்தான். உள்ளே புல்அப், புல்டவுன் (பின்னை ஹை அல்லது லோ பக்கம் இழுத்து வைக்கும் ரெசிஸ்டர்கள்) கூடக் கிடையாது. 6 முதல் 11 வரை நிரல் தங்கும் ஃபிளாஷ் மெமரிக்குப் போகிற பின்கள். சில போர்டுகளில் அவையும் வெளியே எடுத்துக் கொடுக்கப்பட்டிருக்கும், ஆனால் தொடக் கூடாது. 1, 3 இரண்டும் சீரியலுக்கு, அதாவது கணினியோடு பேச. பிஎஸ்ரேம் என்ற கூடுதல் மெமரி உள்ள ரோவர் மாடல் வாங்கினால் 16, 17-ம் போய்விடும். சாதாரண மாடலில் நன்றாக ஓடிய நிரல் ரோவரில் விழுந்தால் முதலில் இந்த இரண்டையும் பாருங்கள்.

என்னை இரண்டு நாள் உட்கார வைத்தது 12-ம் பின். செடிகளுக்குத் தண்ணீர் விடும் சின்ன பம்ப், அதற்கு லோ கொடுத்தால் ஆன் ஆகும் ரிலே. போர்டு விழித்துக்கொள்ளும் நேரத்தில் ரிலே தவறி ஆன் ஆகிவிடக் கூடாதே என்று 12-ம் பின்னுக்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று போட்டேன். நல்ல எண்ணம்தான். மேஜையில் சோதித்தபோது எல்லாம் சரி. பெட்டிக்குள் வைத்து மூடி, பவரை எடுத்துத் திரும்பக் கொடுத்தேன்; போர்டு எழவே இல்லை. சீரியலில் ஃபிளாஷ் ரீட் எரர் என்ற ஒரே வரி திரும்பத் திரும்ப ஓடியது. வயரைப் பிடுங்கினால் எழும். எழுந்த பிறகு வயரைச் செருகினால் பம்ப் ஒழுங்காக ஓடும். மறுபடி ரீசெட் அழுத்தினால் பழைய கதை.

காரணம் இதுதான்: ரீசெட் ஆகும் நொடியில் சிப் 12-ம் பின்னைப் படித்து, ஃபிளாஷுக்கு எத்தனை வோல்ட் கொடுப்பது என்று முடிவு செய்கிறது. லோ என்றால் 3.3, ஹை என்றால் 1.8. உள்ளே இருக்கும் புல்டவுன் சுமார் 45 கிலோ ஓம். நான் போட்ட 10 கிலோ ஓம் அதை எளிதாக ஜெயித்துவிட்டது. 1.8 வோல்ட் போனதும் 3.3 வோல்ட் ஃபிளாஷ் பேச மறுக்கிறது. இஃபியூஸை (சிப்புக்குள் ஒரே முறை எழுதக்கூடிய பிட்) எரித்து இந்தத் தேர்வை நிரந்தரமாக 3.3-க்குப் பூட்டும் வழியும் இருக்கிறது. ஆனால் எரித்தால் எரித்ததுதான், திரும்ப மாற்ற முடியாது. அதே ரெசிஸ்டரோடு வயரை 27-க்கு மாற்றினேன், இரண்டு நிமிட வேலை. 0, 2, 5, 15 ஆகியவையும் பூட் நேரத்தில் படிக்கப்படும் பின்கள்தான். குறிப்பாக 0-ஐ எதுவும் கீழே இழுத்தால் போர்டு நிரலை ஓட்டாமல் டவுன்லோட் மோடுக்குப் போய்விடும்.

நிரல் எழுத நான் பயன்படுத்திய ஆர்டுயினோ கோர் என்ற மென்பொருளில் பதிப்பு 2-லிருந்து 3-க்கு மாறியபோது இதே ரிலே இன்னொரு பாடம் கொடுத்தது. முதலில் டிஜிட்டல்ரைட்டில் (பின்னுக்கு நிலையை எழுதும் கட்டளை) ஹை, அப்புறம் பின்மோட் (பின்னை அவுட்புட்டாகத் திறக்கும் கட்டளை) என்று எழுதுவது என் பழக்கம். அப்படிச் செய்தால் பின் திறக்கும்போதே ஹையாக இருக்கும். கோர் 3-ல் பின்மோட் சொல்லாத பின்னுக்கு டிஜிட்டல்ரைட் செய்தால் அது எழுதுவதே இல்லை, லாக்கில் ஒரு பிழை வரி மட்டும் போடும். லாக் லெவலை நான் அணைத்து வைத்திருந்தேன். பூட் ஆனதும் ரிலே ஆன் ஆகி அப்படியே நின்றது. இப்போது பின்மோட் முதலில், உடனே அடுத்த வரியில் ஹை. நடுவில் வரும் மைக்ரோ செகண்ட்களில் ரிலேவின் இரும்பு அசையக்கூட நேரமில்லை.

பிறகு ஆர்டுயினோவை விட்டு சிப் தயாரிப்பாளரின் சொந்த நிரல் கருவியான இஎஸ்பி-ஐடிஎஃப் பக்கம் வந்தேன். வந்த அன்றே ஓர் எல்இடி என்னைச் சோதித்தது. பின்னின் நிலையைப் படி, அதற்கு எதிர்மாறாக எழுது, அரை நொடி காத்திரு. மூன்றே வரி. எல்இடி எரிந்தது, அணையவே இல்லை. ஐடிஎஃப்-இல் அவுட்புட் மோடு என்றால் வெறும் அவுட்புட்தான். இன்புட் பக்கம் மூடியிருப்பதால் படித்தால் எப்போதும் 0-தான் வரும். 0-க்கு எதிர்மாறு 1, ஆக ஒவ்வொரு சுற்றிலும் ஹைதான் எழுதப்படுகிறது. இன்புட் அவுட்புட் மோடு கொடுத்தால் தீர்ந்தது. ஆர்டுயினோவில் அவுட்புட் என்று சொன்னாலே இன்புட்டும் சேர்ந்து திறக்கும், அதனால்தான் அங்கே இது தெரியவில்லை. நான் இப்போது பின்னைப் படிப்பதே இல்லை. நிலையை ஒரு வேரியபிளில் வைத்துக்கொள்கிறேன். அதுதான் சுத்தமான வழி என்பது என் எண்ணம்.

இன்னொன்று, ஐடிஎஃப்-இன் ஜிபிஐஓ ரீசெட் பின் என்ற ஃபங்ஷன். பெயரைப் பார்த்தால் பின்னை வெறுமையாக்கும் என்று தோன்றும். உண்மையில் உள் புல்அப்பை ஆன் செய்துவிடும். மின்விசிறியை ஓட்டும் மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டர் சுவிட்சின் கேட் (கட்டுப்படுத்தும் கால்) நேராக அந்தப் பின்னில் இருந்தால் மின்விசிறி ஒரு கணம் துள்ளும். கேட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 கிலோ ஓம் போட்டதும் கேட் வோல்டேஜ் 0.6 அளவிலேயே நின்றது, துள்ளலும் போனது. இந்த ரெசிஸ்டரை நான் இப்போது எந்த மாஸ்ஃபெட்டுக்கும் தவிர்ப்பதில்லை.

டீப் ஸ்லீப், அதாவது மின்சாரம் மிச்சமாக சிப் தூங்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். போர்டு தூங்கும்போதும் மின்விசிறி ஓட வேண்டியிருந்தது. சாதாரணமாகத் தூங்கப் போனால் பின் கைவிடப்படும், மின்விசிறி நிற்கும். தூங்குவதற்கு முன் பின்னின் நிலையை அப்படியே பூட்டும் ஹோல்ட் போட்டேன், ஓடியது. ஆனால் விழித்த பிறகு நிரல் எத்தனை முறை லோ எழுதினாலும் பின் அசையவில்லை. விழித்தாலும் ஹோல்ட் தானாக விடுவதில்லை, நாம்தான் விடுவிக்க வேண்டும். அதிலும் வரிசை முக்கியம்: விழித்ததும் வேண்டிய நிலையை முதலில் எழுதிவிட்டு அப்புறம் ஹோல்டை எடுத்தால் நடுவில் பின் தாவாது. தூக்கத்திலும் விழித்திருக்கும் பகுதியைச் சேர்ந்த ஆர்டிசி வகைப் பின்களில் இது நேராக வேலை செய்யும். என் மின்விசிறி 26-ல் இருந்தது, அதுவும் அந்த வகைதான்.

இப்போது அவுட்புட்டுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பவை 18, 19, 21, 22, 23, 25, 26, 27, 32, 33. பத்துப் பின்கள் எனக்கு இதுவரை போதுமானதாகவே இருந்திருக்கின்றன. ஏதாவது தகராறு என்றால் நிரலைத் திறப்பதற்கு முன் எல்லா வயரையும் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை நேராகப் பின்னிலேயே வைத்துப் பார்க்கிறேன். 3.3 வருகிறது என்றால் கோளாறு வெளியே. வரவில்லை என்றால் உள்ளே. பூட் நேரத்து மின்னல் துள்ளலை மல்டிமீட்டர் காட்டாது. அதற்கு 330 ஓம் ரெசிஸ்டரோடு ஓர் எல்இடியைச் செருகி ரீசெட்டை நாலைந்து முறை அழுத்துகிறேன். 14-ல் அப்படி வைத்துப் பாருங்கள், நிரல் தொடங்கும் முன்னாலேயே கண் சிமிட்டும். அந்தப் பின்னில் நான் ரிலே வைப்பதில்லை.