மலையைப் பார்த்து மிதிப்பதா, மலைமேல் மிதிப்பதா? காரைக்குடியிலிருந்து மூன்று சாலைகள்

ரோடு சைக்கிள் வாங்கிய காரைக்குடிக்காரருக்கு இரண்டாம் மாதத்தில் ஓர் ஏக்கம் வரும்: சமதளத்தில் மிதித்து அலுத்துவிட்டது, ஏற்றம் வேண்டும். ஊரோ கடல் மட்டத்திலிருந்து 100 மீட்டருக்குக் கீழே கிடக்கிறது. கண்மாய்க் கரைமேல் சாலை ஏறி மறுபக்கம் இறங்கும் இடங்களும் ரயில்வே மேம்பாலமும்தான் நமக்கு வாய்த்த மேடுகள். குன்றுகள் இல்லாமல் இல்லை. குன்றக்குடி, திருமயம், பிரான்மலை என்று வரிசையாக நிற்கின்றன. ஆனால் அவற்றின் உச்சிகளைச் சாமியும் கோட்டையும் எப்போதோ முன்பதிவு செய்துவிட்டார்கள். மேலே போவது படிக்கட்டு. சாலை அடிவாரத்தோடு நின்றுவிடும்.

ஆகவே இங்கே 'மலைச் சவாரி' என்று சொல்லப்படுவதில் பாதி, மலையைப் பார்த்துக்கொண்டே சமதளத்தில் மிதிப்பதுதான். அதில் குறையொன்றும் இல்லை. எதற்காகப் போகிறோம் என்று தெரிந்து போனால் போதும். வடக்கே திருமயம், மேற்கே பிரான்மலை, அதையும் தாண்டிச் சிறுமலை. இந்த மூன்றில் எது யாருக்கு என்பதுதான் கேள்வி. என் ஓட்டு பிரான்மலைக்கு. காரணம் மலை அல்ல, காற்று.

திருமயத்திலிருந்து தொடங்கலாம். நெடுஞ்சாலையில் நேராகப் போனால் இருபது கிலோமீட்டர் சொச்சம். லாரிகளோடு உரசிக்கொண்டு போக விரும்பாதவர்கள் கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று உள்சாலையில் சுற்றிவந்து நெடுஞ்சாலையில் சேரலாம். திரும்பும்போது ஆத்தங்குடிப் பக்கம் ஒதுங்கினால் இன்னும் நிம்மதி. கானாடுகாத்தானைத் தாண்டியதும் நிலம் மாறுகிறது. செம்புறாங்கல் பொட்டல், இடையிடையே தைலமரத் தோப்பு, தூரத்தில் ஒற்றைப் பாறைக் குன்றுகள். 1687-இல் இராமநாதபுரம் சேதுபதி கட்டிய திருமயம் கோட்டை அப்படியொரு குன்றின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. கீழே, அதே பாறையைக் குடைந்த சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் அடுத்தடுத்து நிற்கின்றன.

2014-இல் பிரான்ஸ் சுற்றுப் பந்தயம் இங்கிலாந்தின் யார்க்ஷயரில் தொடங்கியது. முதல் நாளே வீரர்கள் பட்டர்டப்ஸ் கணவாய் வழியாக மரமற்ற மேட்டுவெளியில் ஏறினார்கள். அதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்குத் திருமயத்துப் பொட்டல் எங்கோ பார்த்ததுபோல் இருக்கும். அங்கே ஈரக் கரிமண், குளிர், புதர்ச் செடி. இங்கே செம்மண், வெயில், சீமைக் கருவேலம். ஆனால் மறைவு இல்லாத வெட்டவெளி என்ற வகையில் இரண்டும் ஒன்று. மணிக்கு 25 கிலோமீட்டரில் போகிறவருக்கு எதிரே 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், உடம்பில் மோதுவது 45 கிலோமீட்டர் வேகக் காற்று. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், அது காற்றில்லாத நாளைப்போல மூன்று மடங்குக்கு மேல் ஆகிவிடும். ஏற்றம் இல்லாமலேயே ஏற்றத்தின் வேலை வாங்கிவிடுகிறது பொட்டல். சிக்கல் என்னவென்றால், இந்தச் சாலை தெற்கு வடக்காக ஓடுகிறது. ஆடிமாதக் காற்று மேற்கிலிருந்து வருவதால் போகும்போதும் வரும்போதும் பக்கவாட்டில்தான் தாக்கும். தைலமரத் தோப்பு முடியும் இடத்தில் திடீரென்று ஒரு தள்ளு. பக்கத்தில் பஸ் கடக்கும் நேரமாக அது அமைந்தால் கைப்பிடியை இறுகப் பிடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. புதிதாக ஓட்டுபவருக்கு இந்தச் சாலையை ஆனி, ஆடியில் நான் பரிந்துரைக்க மாட்டேன். மார்கழி, தை என்றால் காலை ஒன்பது மணிக்குள் போய்த் திரும்ப அருமையான சவாரி.

பிரான்மலைச் சாலை மேற்கே போகிறது. ஆடியில் இதன் அருமை புரியும். காலையில், காற்று இன்னும் முழுவேகம் எடுக்காதபோது அதற்கு எதிரே போகிறோம். வெயில் ஏறி, கால் தளர்ந்து திரும்பும் நேரத்தில் அதே காற்று முதுகைப் பிடித்துத் தள்ளுகிறது. போக ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், வர அதே அளவு. எதிர்க்காற்று பாதி வழி, பின்காற்று பாதி வழி என்று இயற்கையே பயிற்சித் திட்டம் போட்டுக் கொடுத்த சாலை வேறு எதுவும் இந்தப் பக்கம் இல்லை. அம்மியைப் பறக்கவைக்கும் காற்று, மேலும் கீழும் மூச்சு வாங்கும் ஓர் ஆளை வீடு கொண்டுபோய்ச் சேர்க்காதா என்ன?

குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, சிராவயல், திருப்பத்தூர், சிங்கம்புணரி. எந்த இரண்டு ஊருக்கு நடுவிலும் தண்ணீர் இல்லாமல் தவிக்க வேண்டியதில்லை. இது புதிய சாலையும் அல்ல. நகரத்தார் காவடிகள் பழனிக்குப் போகும் பாதை இது. குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகத் தைப்பூசத்துக்கு நடந்தே போவார்கள். அந்த நாட்களில் சைக்கிளோடு இந்தச் சாலைக்கு வரவே வேண்டாம். விடியும் முன்பே சாலையின் பாதி நடப்பவர்களுடையது. வேகமாகப் போகவும் முடியாது, போகவும் கூடாது. சிராவயல் மஞ்சுவிரட்டு நாளும் அப்படித்தான். தை 3 அன்று அங்கே ஒரு காளையைக் கடப்பதைவிடக் கூட்டத்தைக் கடப்பது கடினம்.

திருப்பத்தூரில் நிற்பவர்கள் பெரும்பாலும் டீக்காகத்தான் நிற்கிறார்கள். மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24 அன்று தூக்கிலிடப்பட்ட ஊர் அது; நினைவிடத்தையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம், கால் மணி நேரம்கூட ஆகாது. சாப்பாட்டைச் சிங்கம்புணரிக்குத் தள்ளிப்போடுவது நல்லது. தென்னையும் கயிறும் ஊரின் பிழைப்பு என்பதால் இளநீருக்குப் பஞ்சம் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வியர்த்தவருக்கு அதோடு உப்பும் வேண்டும். உப்புப் போட்ட மோர் கிடைத்தால் விடாதீர்கள். இளநீரில் பொட்டாசியம் தாராளம், வியர்வையில் நாம் இழக்கும் சோடியமோ அதில் குறைவு.

சிங்கம்புணரியைத் தாண்டியதும் பிரான்மலை முழுசாக எழுந்து நிற்கும். பாரியின் பறம்புமலை என்று சொல்லப்படுவது இதைத்தான். சம்பந்தர் பாடிய திருக்கொடுங்குன்றம் கோயில் அடிவாரத்தில். கடைசிச் சில கிலோமீட்டர்களில் சாலை மெல்ல அலைபாய்கிறது. கியரை ஒரு பல் இறக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். உச்சிக்குப் போக வேண்டுமென்றால் சைக்கிளைப் பூட்டிவிட்டு நடக்க வேண்டும். பெடலோடு மாட்டிக்கொள்ள அடியில் கொக்கி வைத்த காலணியோடு வந்தவர் அந்தப் பாறையில் நடக்க நினைக்கக்கூடாது. ஒரு ஜோடி ரப்பர் செருப்பைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வருவது புத்திசாலித்தனம்.

இந்தச் சாலையின் உண்மையான எதிரி முள். சீமைக் கருவேலத்தை வெட்டி ஏற்றிப்போகும் வண்டிகள் ஓரத்தில் முள்ளைச் சிந்திவிட்டுப் போகும். நாமோ லாரிக்குப் பயந்து அந்த ஓரத்தில்தான் ஓடுகிறோம். 25 மில்லிமீட்டர் டயரில் காற்றை இறுக அடித்துக்கொண்டு வருபவர் மாற்று டியூப் இரண்டு கொண்டுவரட்டும். 28 அல்லது 32 மில்லிமீட்டர் டயர், உள்ளே ஓட்டையடைக்கும் திரவம் என்றால் பெரும்பாலான முட்கள் தெரியாமலே போய்விடும். அகல டயர் வேகத்தைக் குறைக்கும் என்ற நம்பிக்கை இன்னும் பலரிடம் இருக்கிறது. நம் கிராமச் சாலைகளின் கரடுமுரடில் நேர்மாறாகத்தான் நடக்கிறது: காற்றைச் சற்றுக் குறைத்த அகல டயர் குலுக்கலை விழுங்கி, வேகத்தைக் காப்பாற்றுகிறது. அறுவடைக் காலத்தில் சாலையையே களமாக்கி நெல்லும் உளுந்தும் காயப்போட்டிருப்பார்கள். அதன்மேல் பிரேக் பிடிக்காதீர்கள், சறுக்கும். சுற்றிப் போங்கள். சத்தம் போட வேண்டாம், அது அவர்கள் பாடு.

சிறுமலை வேறு ஜாதி. திண்டுக்கல்–நத்தம் சாலையிலிருந்து பிரிந்து 18 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் நிஜமான மலைச் சாலை. காரைக்குடியிலிருந்து அடிவாரத்துக்கே நூறு கிலோமீட்டரை ஒட்டிவிடும். அதனால் இதை ஒரே நாள் சவாரியாக நினைக்காமல், திண்டுக்கல்லில் இரவு தங்கி, விடிந்ததும் ஏறுவதுதான் முறை. காரில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போவதை இழுக்காக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நான் நினைக்கவில்லை, சமதளத்தில் கரைத்த பலத்தை மலையில் தேடுவதில் என்ன வீரம்?

இங்கே தீர்மானிப்பது கால் அல்ல, கியர். முன்னால் 34 பல், பின்னால் 32 பல் வைத்த சைக்கிள், ஒரு சுற்று மிதித்தால் இரண்டேகால் மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் மணிக்கு 8 கிலோமீட்டர். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ, ஏற்றம் ஏழு சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அதற்குத் தேவை ஏறத்தாழ 130 வாட். பழைய பந்தயச் சைக்கிளின் 39-க்கு 25 கியரில் அதே 60 சுற்று மிதிக்க ஏறத்தாழ 200 வாட் வேண்டும். முதலாவது, ஒழுங்காக ஓட்டும் ஒருவர் ஒரு மணி நேரம் தாங்கக்கூடியது; இரண்டாவதை அவ்வளவு நேரம் தாங்குபவர்கள் குறைவு. நம் ஊர்க் கடைகளில் சைக்கிள் வாங்கும்போது சட்டத்தின் எடையில் அரைக் கிலோவுக்கு வாதாடுகிறார்கள். பின்பக்கக் கேசட்டில், அதாவது பின்சக்கரப் பல்சக்கர அடுக்கில், எத்தனை பல் என்று கேட்பவர் அபூர்வம். பிரான்மலைக்குப் போகிறவருக்கு அந்தக் கேள்வி தேவையில்லை. சிறுமலைக்குப் போகிறவருக்கு அதுதான் முதல் கேள்வி.

மேலே போனால் காற்று மாறிவிடும்; மிளகு, காப்பி, பலா, பேர்பெற்ற சிறுமலை வாழைப்பழம். விளைச்சலைக் குதிரை முதுகில் ஏற்றிவரும் வழக்கமும் அங்கே உண்டு. எனவே வளைவுகளில் குதிரையையும் எதிர்பார்த்தே இறங்க வேண்டும். இறக்கத்தில் பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வருவது தவறு. சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக் என்றால் அந்த விளிம்பு சூடேறி டியூப் வெடிக்கலாம். வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவில் விட்டுவிட வேண்டும். பஸ் கீழிருந்து ஏறி வரும்போது வளைவின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளும் என்பதால், ஹாரன் கேட்டால் ஓரத்தில் நின்றுவிடுவதே மரியாதை.

மரமற்ற புல்வெளியையும் மலையையும் ஒருசேரத் தேடுபவர்கள் கொடைக்கானலைச் சொல்வார்கள். சொல்வது சரிதான். மன்னவனூர்ப் பக்கத்துப் புல்மேடுகளுக்கு ஈடு சமதளத்தில் கிடையாது. ஆனால் கொடைக்கானல் 2100 மீட்டருக்கு மேல் இருக்கிறது. வத்தலக்குண்டிலிருந்து ஏற்றம் மணிக்கணக்கில் நீளும், வாரக் கடைசியில் கார்கள் வரிசைகட்டி நிற்கும். சிறுமலையை நடுவில் காலை ஊன்றாமல் ஏறி முடித்தவர், அதுவும் ஒரு வாரநாள் பார்த்துப் போகட்டும். மற்றவர்கள் இந்த ஆடியில் சிங்கம்புணரிப் பக்கம் வாருங்கள். காரைக்குடியிலிருந்து ஐந்து மணிக்குக் கிளம்பினால் போதும்.