ஆயில் பிரஷர் ஊசி விழுந்தால் என்ஜினை இறக்கிவிடாதீர்கள்: மூன்று மாதச் சம்பளத்தை இழந்தவனின் எச்சரிக்கை

இதை எழுதும்போதுகூடக் கையில் எண்ணெய்ப் பிசுக்கு முழுதாகப் போகவில்லை. நேற்று இரவு, ஓர் எலுமிச்சம்பழ அளவே இருக்கும் பழைய ஆயில் பிரஷர் சென்சாரை (என்ஜின் எண்ணெயின் அழுத்தத்தை உணர்ந்து மீட்டருக்குச் சொல்லும் பாகம்) கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினேன். இரண்டு மாதமாக என் தூக்கத்தைக் கெடுத்த மீட்டர் ஊசி எழுந்து, தான் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. அந்த ஊசி எழவில்லை என்ற ஒரே காரணத்தைக் காட்டித்தான் என் காரின் என்ஜினை இறக்கி, பேரிங் (என்ஜினின் சுழல்தண்டான கிராங்கைத் தாங்கும் பாகம்; இது தேய்ந்தால் எண்ணெய் பிரஷர் குறையும்) மாற்றி, ஆயில் பம்ப் மாற்றி, என்னுடைய மூன்று மாதச் சம்பளத்தை ஒரு பட்டறை வாங்கிக்கொண்டது. பெயர் சொல்லப்போவதில்லை. பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை மட்டுமே தொடுவோம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ரகம் என்பது போதும்.

என்னுடையது 1990-ஆம் ஆண்டின் மாஸ்டா எம்.எக்ஸ்-5, 1.6 லிட்டர் என்ஜின். ஆரம்ப கால எம்.எக்ஸ்-5 வண்டிகளில் இருக்கும் ஆயில் பிரஷர் மீட்டர் உண்மையாகவே அளந்து காட்டும் மீட்டர். குளிர்ந்த என்ஜினை முடுக்கினால் ஊசி மேலே ஏறும், எண்ணெய் சூடாகி இளகியதும் கீழே இறங்கும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் மறுபடி ஏறும். அந்த ஏற்ற இறக்கம் எனக்குப் பழக்கம்தான். ஆனால் ஒரு நாள் நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு சிக்னலில் நின்றபோது, ஊசி வழக்கத்தைவிட மிகக் கீழே, ஏறக்குறைய அடிமட்டத்தில் கிடந்தது. டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தேன், எண்ணெய் அளவு சரியாக இருந்தது. என்ஜினிலிருந்து தட்டும் சத்தம் எதுவும் இல்லை. இரண்டு வாரத்துக்கு முன்புதான் நானே எண்ணெய் மாற்றியிருந்தேன். வடித்த எண்ணெயில் உலோக மினுமினுப்பு துளியும் இல்லை. இவ்வளவையும் தெரிந்துகொண்டுதான் பட்டறைக்குப் போனேன் என்பதை நினைக்கும்போது என்மீதே எரிச்சல் வருகிறது.

பட்டறைக்காரர் வண்டியில் உட்கார்ந்து இரண்டு நிமிடம் ஊசியைப் பார்த்தார். பிறகு என்னைத் தோளில் தட்டி, பக்கத்தில் நின்றிருந்த இன்னொரு எம்.எக்ஸ்-5 வண்டிக்கு அழைத்துச் சென்று அதை முடுக்கினார். அதன் ஊசி நடுவில் போய் நின்றது. ஆக்சிலரேட்டரை மிதித்தார், ஊசி அசையவில்லை. காலை எடுத்தார், அப்போதும் அசையவில்லை. "இதுதான் சார் நல்ல என்ஜின். உங்களுதையும் பார்த்தீங்க. பேரிங் போயிடுச்சு. இப்படியே ஓட்டிக்கிட்டுப் போனா கிராங்க் பிடிச்சுக்கும், அப்புறம் நான் சொல்லலைன்னு வருத்தப்படாதீங்க" என்றார். ஒரே மாதிரி வண்டி, ஒரே மாதிரி மீட்டர், கண்ணெதிரே சோதனை. இதற்கு மேல் ஒருவனுக்கு என்ன சான்று வேண்டும்? நல்ல வேளை இவரிடம் வந்தோம் என்று நினைத்தபடியே சாவியையும் பாதித் தொகையையும் அவர் கையில் கொடுத்தேன்.

அந்தச் சோதனை எப்படிப்பட்ட ஏமாற்று என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் காட்டியது பிற்கால வண்டி. 1995 வாக்கில் மாஸ்டா நிறுவனம் இந்த மீட்டரை மாற்றிவிட்டது. அதன் பிறகு வந்த வண்டிகளில் ஊசிக்குப் பின்னால் இருப்பது வெறும் ஸ்விட்ச். பிரஷர் ஒரு சிறு அளவைத் தாண்டியதும் ஊசி நடுவுக்குப் போய் நின்றுவிடும், அதற்கு மேல் பிரஷர் எவ்வளவு கூடினாலும் குறைந்தாலும் அதற்குக் கவலை கிடையாது. எச்சரிக்கை விளக்குக்கு ஊசி வேடம் போட்டது போலத்தான். அந்த வண்டியின் பேரிங் தேய்ந்திருந்தாலும் ஊசி அப்படியேதான் நின்றிருக்கும். பழைய ஸ்போர்ட்ஸ் கார் மட்டுமே பார்க்கும் ஒருவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது என்று நான் நம்பத் தயாராக இல்லை. தெரியாது என்றே வைத்துக்கொண்டாலும், தெரியாதவர் மூன்று மாதச் சம்பளத்துக்குக் கணக்கு எழுதலாமா?

செய்திருக்க வேண்டிய வேலை அரை மணி நேர வேலை. இந்த என்ஜினில் சென்சார், வலது பக்கம் இன்டேக் மேனிஃபோல்டுக்கு (என்ஜினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) கீழே, ஆயில் ஃபில்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. கையை நுழைப்பது கொஞ்சம் சிரமம், அவ்வளவுதான். அதைக் கழற்றி, அதே துளையில் குழாய் வழியாக எண்ணெயை நேரடியாக வாங்கி அளக்கும் மெக்கானிக்கல் கேஜை மாட்டி, என்ஜினை நன்றாகச் சூடாக்கி, ஐட்லிங்கிலும் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) 3000 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வேகத்திலும் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். ஆயிரம் ஆர்.பி.எம்.முக்குப் பத்து பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அளவு) என்பது மெக்கானிக்குகள் காலங்காலமாக வைத்திருக்கும் தோராயக் கணக்கு. மெக்கானிக்கல் கேஜும் குறைவாகக் காட்டினால்தான் அடுத்த கேள்விகளே எழ வேண்டும்: எண்ணெய் அளவுக்கு மீறி இளகியதா, பெட்ரோல் கலந்திருக்கிறதா, மிகுதியான பிரஷரை வெளியேற்றும் ரிலீஃப் வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டதா, அடியில் எண்ணெய் தேங்கும் சம்புக்குள் உறிஞ்சு குழாயின் வலை அடைத்திருக்கிறதா, பம்ப் தேய்ந்ததா, கடைசியாகத்தான் பேரிங். பழைய ஃபில்டரை அறுத்து உள்ளிருக்கும் காகித மடிப்பை விரித்துப் பார்த்தாலே பேரிங் உலோகம் உதிர்கிறதா என்று தெரியும். இவர் எதையும் அளக்கவில்லை, எதையும் அறுக்கவில்லை. கடைசியில் வர வேண்டிய பதிலை முதலில் வைத்து என்ஜினை இறக்கிவிட்டார்.

வண்டி ஐந்து வாரம் கழித்து வந்தது. மீதித் தொகையைக் கட்டிவிட்டு ஓட்டிக்கொண்டு கிளம்பினேன். இருபது நிமிடத்தில் என்ஜின் சூடானது, சிக்னலில் நின்றேன், ஊசி பழைய அதே இடத்தில் கிடந்தது. அங்கிருந்தே அழைத்தேன். "புது பேரிங் சார், செட் ஆகணும், ஆயிரம் கிலோமீட்டர் ஓடட்டும்" என்றார். ஆயிரம் ஓடியது. "எண்ணெயைக் கொஞ்சம் திக்கா மாத்திப் பாருங்க" என்றார். மாற்றினேன். ஊசி இம்மியும் நகரவில்லை. அடுத்த முறை பேசியபோது, "பழைய வண்டின்னா அப்படித்தான் சார், ஊசியையே பார்த்துக்கிட்டிருக்காதீங்க" என்றார். ஊசியைப் பார்த்தே என் என்ஜினை இறக்கிய அதே மனிதர்! கழற்றிய பழைய பேரிங்குகளைக் கேட்டேன். பழைய இரும்போடு போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். பிறகு அவர் எடுப்பதை நிறுத்திவிட்டார். எடுத்த பையன், மீட்டர் கோளாறு தங்கள் வேலை இல்லை, எலக்ட்ரீசியனிடம் காட்டுங்கள் என்றான். முதல் நாளே யாராவது அந்த வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் என் மூன்று மாதச் சம்பளம் என்னிடமே இருந்திருக்கும்.

கடைசியில் ஒரு மெக்கானிக்கல் கேஜை இரவல் வாங்கி நானே மாட்டினேன். சூடான என்ஜின், ஐட்லிங்கில் 30 பி.எஸ்.ஐ.க்குச் சற்றுக் கீழே, 3000-இல் ஐம்பதைத் தாண்டி நின்றது. இரவல் கேஜைக் கழற்றிப் பழைய சென்சாரைத் திரும்ப மாட்டினேன். டேஷ்போர்டு ஊசி மறுபடி தரையைத் தொட்டது. பட்டறைக்காரருக்குப் படத்தோடு செய்தி அனுப்பியதற்கு உடனே பதில் வந்தது: "பார்த்தீங்களா சார், நாங்க வேலை செஞ்சதாலதான் பிரஷர் இவ்வளவு நல்லா இருக்கு." இதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை என்பதுதான் மிகவும் சுடுகிறது. இறக்குவதற்கு முன் யாரும் அளக்கவில்லை, பழைய பேரிங்கும் இல்லை. என் என்ஜின் முன்பும் நன்றாகத்தான் இருந்தது என்று நிரூபிக்க என்னிடம் ஒரு காகிதம்கூட இல்லை. பழுதான சென்சார் காட்டிய ஊசி முன்பும் பின்பும் ஒரே இடத்தில் கிடந்தது என்பது மட்டும்தான் என் சாட்சி.

விரிவாக ஆலோசனை எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், கோபத்தில் பாதி மறந்துவிட்டது. ஊசி திடீரென்று பூஜ்யத்துக்கு விழுந்தாலோ, என்ஜினில் தட்டும் சத்தம் கேட்டாலோ, சென்சாராகத்தான் இருக்கும் என்று நினைத்து ஓட்டாதீர்கள். உடனே அணைத்துவிட்டு இழுத்துக்கொண்டு போங்கள். சத்தம் இல்லையென்றால், மெக்கானிக்கல் கேஜில் அளந்த எண்ணை எழுத்தில் வாங்காமல் யாரையும் ஒரு போல்ட்டைக்கூடத் தொடவிடாதீர்கள். வேறொரு வண்டியின் மீட்டரைக் காட்டினால் அது எந்த ஆண்டு வண்டி என்று கேளுங்கள். கழற்றும் பழைய பாகங்கள் உங்களுக்கே திரும்ப வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். நீங்களே கேஜ் மாட்டினால் மரையைச் சரிபாருங்கள். இந்த என்ஜினில் இருக்கும் மரை அங்குலத்துக்கு 28, கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் அமெரிக்க வகை இணைப்பில் 27, முதல் இரண்டு சுற்று இனிமையாக ஏறிவிட்டுப் பிறகு பிளாக்கின் மரையையே தின்றுவிடும்.

பழைய சென்சாரை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, எண்ணெய் சொட்டச் சொட்ட, நாளை காலை அந்தப் பட்டறையின் மேசையில் கொண்டுபோய் வைக்கப்போகிறேன்.